நாலாம் நம்பர் நார்மல்

தன்னை நார்மலான ஆள் என்று நினைத்துக்கொள்ளாதவர் யாரும் இல்லை. ஆனால் அதற்குக் கையெழுத்துப் போட்டு, தேதி குத்தி, கோப்பில் வைத்த ஆதாரம் எத்தனை பேரிடம் இருக்கிறது? டாஸ்மேனியாத் தீவின் லான்செஸ்டன் ஊரில் ஒருத்தியிடம் இருந்தது. அவள் பெயர் கிளெனிஸ் பைபஸ்.

இந்த விஷயத்தை அவள் கேட்டவர்களுக்கும் சொல்வாள், கேட்காதவர்களுக்கும் சொல்வாள். தபால் நிலைய வரிசையில் முன்னால் நிற்கும் மனிதர் "இன்னிக்கு நல்ல குளிரு" என்று பேச்சுக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டே நிமிடத்தில் பேச்சு அங்கே வந்து நிற்கும். "வட டாஸ்மேனியாவிலேயே ரொம்ப நார்மலான பொம்பளை நான்தான். சும்மா சொல்லல, லேப்ல ரெக்கார்டு இருக்கு." அந்த மனிதர் அடுத்த வாரம் தபால்தலையைக் கடைத்தெருவில் வாங்கிக்கொள்வார்.

ரெக்கார்டு இருந்தது உண்மைதான். ஊர் ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் முப்பத்தோரு வருடமாக அவளுக்கு வேலை. உடம்பைக் காக்க வேண்டிய படையே புத்தி பேதலித்து உடம்பை அடிக்கக் கிளம்பும் நோய்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றைக் கண்டுபிடிக்கும் பிரிவு அவளுடையது. மூட்டையும் தோலையும் சிறுநீரகத்தையும் ஒருசேரப் பதம் பார்க்கும் லூபஸ், தோலை இழுத்து இறுக்கும் ஸ்க்லெரோடெர்மா, கண்ணீரையும் எச்சிலையும் வற்றவைக்கும் ஷோக்ரன். இவை உள்ளவர்களின் ரத்தத்தில் வேண்டாத ஆன்டிபாடிகள் சுற்றும். கண்ணாடி ஸ்லைடில் வளர்த்த செல்களின் மேல் அந்த ரத்தநீரை ஒரு சொட்டு விட்டு, சாயம் ஏற்றி, இருட்டறையில் மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்தால் செல்கள் பச்சையாக ஒளிரும். ஒன்றும் இல்லாதவர்களின் ஸ்லைடு இருட்டாகக் கிடக்கும்.

அந்த இருட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் ஓர் அளவு வேண்டும். எனவே அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம். வேலை செய்கிறவர்களே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு ரத்தம் கொடுப்பார்கள். 1998இல் அப்படிக் கொடுத்த பத்துப் பேரில் கிளெனிஸின் ரத்தம்தான் படு இருட்டு. ஒரு மினுக்கம் கிடையாது. அப்போதைய மேலாளர் அசந்துபோய், ஒரு பெரிய பை நிறைய எடுத்து, ஐந்நூறு சின்னக் குழாய்களில் ஊற்றி, உறைய வைத்துவிட்டார். குழாய்களின் மேல் "நார்மல் 4" என்று எழுதியிருந்தது. அன்று முதல் வட டாஸ்மேனியாவில் யாருக்கு நோய் உண்டு, யாருக்கு இல்லை என்று தீர்மானிக்கப்படும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு சொட்டு கிளெனிஸ் இருப்பாள்.

இதற்குப் போய் இத்தனை பெருமையா என்று கேட்கலாம். ஸ்காட்ஸ்டேலில் உருளைக்கிழங்குத் தோட்டக்காரர் வீட்டில் ஐந்து பெண்களில் நாலாவதாகப் பிறந்து பார்த்தால் தெரியும். மூத்தவள் பாடுவாள். இரண்டாமவள் விவசாயக் கண்காட்சியில் அழகிப் பட்டம் வாங்கினாள். மூன்றாமவள் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கூட்டத்தின் தலைவனோடு ஓடிப்போய், மூன்று மாதம் ஊர் வாயில் விழுந்து புகழ்பெற்றாள். கடைசிக்குட்டி கடைசிக்குட்டி என்பதாலேயே செல்லம். கிளெனிஸைப் பற்றி அவள் அப்பா சொன்ன ஒரே பாராட்டு, "இவளால ஒரு தொந்தரவும் இல்ல" என்பதுதான். பள்ளிக்கூடப் புகைப்படத்தில் அவள் பெயரைப் போடாமலே விட்டார்கள், யாரும் கவனிக்கவில்லை. நார்மல் நம்பர் நாலு என்பதுதான் அவள் வாழ்க்கையில் வாங்கிய முதல் பரிசு. சந்தோஷத்தில் அன்று வீட்டுக்குப் போய் அழுதிருக்கிறாள்.

கணவன் கெல்வின், பந்து உருட்டும் மன்றத்தில் புல் வெட்டிப் பராமரிப்பவன். வெள்ளிக்கிழமை மாலை அங்கே இறைச்சியைப் பரிசாக வைத்து நடக்கும் குலுக்கலில் சீட்டு விற்கும்போது அவன் தவறாமல் சொல்லும் ஜோக் ஒன்று உண்டு. "எனக்கு ரெண்டு பொண்டாட்டி. ஒருத்தி வீட்ல, இன்னொருத்தி ஃப்ரீசர்ல. ஃப்ரீசர்ல இருக்கறவ பேச மாட்டா." கிளெனிஸ் இருபத்தைந்து வருடமாக அதற்குச் சிரித்தாள்.

லேபில் அவளுக்குத் துணை நோலீன் சக். இரண்டு பேரும் ஒரே ஸ்லைடைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், பார்த்ததைப் பேசாமல் துண்டுக் காகிதத்தில் எழுத வேண்டும், பிறகு ஒரே நேரத்தில் திருப்பிக் காட்ட வேண்டும். எழுதுவதும் அவர்கள் மொழியிலேயே இருக்கும். செல்லின் உட்கரு முழுக்க வழவழவென்று ஒளிர்ந்தால் "கஸ்டர்ட்". பொடிப்பொடியாக ஒளிர்ந்தால் "ஃபேரி பிரெட்", வெண்ணெய் தடவிய ரொட்டியில் கலர் சீனி மணி தூவியதுபோல இருப்பதால். இரண்டு மூன்று உருண்டை மட்டும் தெரிந்தால் "பட்டாணி". எண்ணிவிடக்கூடிய அளவுக்குத் தனித்தனிப் புள்ளிகள் தெரிந்து, பிளந்துகொண்டிருக்கும் செல்லில் அவை நடுவே சீராக அணிவகுத்து நின்றால் "எறும்பு". நிஜப் பெயரெல்லாம் அறிக்கைக்கு மட்டும்தான். யார் எழுதியது தப்போ அவர் அன்றைக்கு வெனிலா ஸ்லைஸ் கேக் வாங்க வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் நோலீன் வாங்கியதுதான் அதிகம். இதையும் கிளெனிஸ் தபால் நிலையத்தில் சொல்வாள்.

அவளுடைய வேலைச் சுத்தத்தையும் சொல்ல வேண்டும். முப்பத்தேழு டிகிரியில் வைத்திருக்கும் வெப்பப் பெட்டியின் சூட்டைக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை குறிக்க வேண்டும் என்பது விதி. கிளெனிஸ் குளிர்காலத்தில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை குறிப்பாள். கதவைத் திறந்து, இரண்டு கையையும் உள்ளே விட்டு, தெர்மாமீட்டரை நன்றாக உற்றுப் பார்த்து, நிதானமாக எழுதுவாள். சிட்னியிலிருந்து தணிக்கைக்கு வந்தவர்கள் அந்த நோட்டைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை நோலீன் கேட்பாள். "ஏன்டி, பழைய ரத்தத்தையே ஓட்டிட்டு இருக்கே. புதுசா ஒரு குழாய் குடேன்."

"நல்லா இருக்கறத எதுக்குக் கெடுக்கணும்?" என்பாள் கிளெனிஸ்.

ஆனால் ஐந்நூறு குழாயும் ஒருநாள் தீர்ந்துதானே ஆக வேண்டும். ஜூன் மாதக் கடைசியில் கடைசிக் குழாயும் தீர்ந்தது. ஜூலையில் புதுத் தொகுதி ஸ்லைடுகள் வந்து இறங்கின. புதுத் தொகுதி வந்தால் இருபது நார்மல் ஆட்களின் ரத்தத்தை வைத்துச் சோதித்த பிறகுதான் நோயாளிகளுக்குப் பயன்படுத்தலாம். கூடத்தில் எல்லோரும் வரிசையாகக் கையை நீட்டினார்கள். நார்மல் நாலும் நீட்டினாள். நோலீன் பெயர்களை மறைத்து, ஒன்று முதல் இருபது வரை கலைத்து எண் போட்டு, யார் எந்த எண் என்ற பட்டியலை உறையில் வைத்து ஒட்டிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். எல்லா அளவும் முடிந்து கையெழுத்தான பிறகுதான் உறையைப் பிரிக்கலாம். இந்த விதியை எழுதியவளே கிளெனிஸ்தான்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு இருட்டறையில் உட்கார்ந்தார்கள். ஒன்று, இருட்டு. இரண்டு, இருட்டு. மூன்று லேசாக மினுங்கியது, பரவாயில்லை. பத்து வரைக்கும் கொட்டாவி வந்தது. பதினொன்றைப் பார்த்த கிளெனிஸ் கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினாள்.

காகிதங்களைத் திருப்பினார்கள். இரண்டிலும் "எறும்பு". இரண்டிலும் பக்கத்தில் 1280. அதாவது ரத்தநீரை ஆயிரத்து இருநூற்று எண்பது மடங்கு நீர்த்தாலும் இன்னும் ஒளிர்கிறது என்று கணக்கு. சின்ன விஷயம் இல்லை.

"அட பாவமே," என்றாள் கிளெனிஸ். "நம்மள்ல யாரோ ஒருத்தருக்கு."

"ஆமா," என்றாள் நோலீன், கோட்டுப் பையில் இருந்த உறையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே.

எறும்பு வரிசை என்றால் பெரும்பாலும் ஸ்க்லெரோடெர்மாவின் மெதுவான வகை. அது வருவதற்குப் பல வருடம் முன்பே குளிரில் விரல்கள் வெளுக்கும். இதைக் கிளெனிஸ் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். பாவம், அந்த ஆளுக்குத் தெரியாமலேயே இருக்கிறதே, உறையைப் பிரிக்கும்வரை எப்படிக் காத்திருப்பது என்று அவள் மனசு தவித்தது. தவிப்பில் கொஞ்சம் துப்பறியும் ஆசையும் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

முதல் சந்தேகம் நோலீன் மேல். எப்போது பார்த்தாலும் தண்ணீர் பாட்டிலும் கையுமாக இருக்கிறாள், வாய் வறள்கிறதோ என்னவோ. காலையிலிருந்து பேச்சும் குறைந்துவிட்டது. இரண்டாவது சந்தேகம் டாரில் ஜெசப் மேல். சுற்று வட்டார ஊர்களிலிருந்து ரத்த மாதிரிகளை ஐஸ்பெட்டியில் கொண்டுவந்து தரும் வண்டிக்காரன். கையுறை இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. மீதிப் பதினேழு பேர் மேலும் பொதுவாக ஒரு சந்தேகம் வைத்தாள். மொத்தக் கணக்கு இருபது வரவேண்டும் என்பது அந்த அவசரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை.

ஒன்பதரைக்கு அவள் எதிர்க்கடைக்கு ஓடினாள். ஜூலை அங்கே நடுக்குளிர்காலம், வெளியே புல் மேல் உறைபனி இன்னும் இளகவில்லை. பத்து மணித் தேநீருக்கு எல்லோரும் ஹீட்டரைச் சுற்றிக் கூடியிருந்தபோது, நான்கு பெட்டி ஐஸ் குச்சிகளுடன் வந்து நின்றாள்.

"எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கோங்க. என் செலவு."

"ஜூலை மாசத்துலயா?" என்றான் டாரில். "உனக்கு என்ன கிறுக்கா, கிளெனிஸ்? வெளிய ரெண்டு டிகிரி."

"உடம்புக்கு நல்லது. கையுறையக் கழட்டு."

"ஐஸ் திங்கறதுக்கு எதுக்கு கையுறையக் கழட்டணும்?"

"மரியாதை தெரியாதவனா நீ? கழட்டுன்னா கழட்டு."

கழற்றினான். உள்ளே உள்ளங்கை முழுக்க ஒரு தேவதையின் படம் பச்சை குத்தியிருந்தது. தேவதைக்கு மூக்கு கோணல். மைத்துனன் குடித்துவிட்டுக் குத்தியதாம். இத்தனை வருடக் கையுறை ரகசியம் அவ்வளவுதான். கூட்டம் சிரித்துத் தீர்த்தது. டாரில் காது வரை சிவந்தான், ஆனால் விரல்களும் நன்றாகவே சிவந்திருந்தன. கிளெனிஸ் மனதுக்குள் அவன் பெயரை அடித்தாள்.

ஒவ்வொருவருக்கும் தன் கையாலேயே பெட்டியிலிருந்து எடுத்து எடுத்துக் கொடுத்தாள். "கெட்டியாப் பிடி. கடிக்காத, பிடிச்சிட்டு இரு. இன்னும் ஒரு நிமிஷம்." பிறகு பள்ளிக்கூடத்தில் நகம் பார்க்கும் டீச்சர் மாதிரி ஒவ்வொரு கையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனாள். எல்லாக் கையும் சிவப்பு. நோலீனின் கையை மட்டும் இரண்டு தடவை பார்த்தாள். அதுவும் சிவப்பு, கூடவே ஆரஞ்சு ரசம் ஒழுகிப் பிசுபிசுப்பு.

"ஆச்சரியமா இருக்கே," என்றாள் கிளெனிஸ். "இங்க யாருக்கும் இல்ல."

டாரில் குச்சியை வாயிலிருந்து எடுத்தான். "கிளெனிஸ், உன் விரலு என்ன மெழுகுவத்தி மாதிரி இருக்கு?"

எல்லோரும் பார்த்தார்கள். கடைசியாகக் கிளெனிஸும் பார்த்தாள். வலது கையில் மூன்று விரல், இடது கையில் இரண்டு. நுனியிலிருந்து நடுக்கணு வரைக்கும் சுண்ணாம்பு அடித்தது போன்ற வெளுப்பு. கோடு போட்ட மாதிரி அங்கே நின்று, அதற்குக் கீழே சாதாரணத் தோல்.

"இதுவா? இது நீச்சலால," என்றாள். "குளிர்ல ஆத்துல நீந்துவேன்ல, அந்தக் குழுவோட."

"நீ கடைசியா எப்ப நீந்தின?" என்று கேட்டாள் நோலீன்.

"பதிமூணுல."

"பதிமூணாம் தேதியா?"

"ரெண்டாயிரத்துப் பதிமூணுல."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் பத்தொன்பது பேர் கையில் உருகும் ஐஸோடு சும்மா நிற்பதைப் பார்த்து, கிளெனிஸ் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். நோலீன் குச்சியைத் தொட்டியில் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அவளை இருட்டறைக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். பையிலிருந்து உறையை எடுத்தாள்.

"அதப் பிரிக்கக் கூடாது. இன்னும் கையெழுத்தாகல. விதி."

"உன் விதியத் தூக்கிக் குப்பையில போடு," என்று நோலீன் உறையைக் கிழித்தாள். பட்டியலில் பதினொன்றுக்கு நேரே "பைபஸ், கி." என்று இருந்தது.

"குழாய் மாறியிருக்கும்," என்றாள் கிளெனிஸ்.

"மாறல."

"நீ ஒட்டின லேபிள்தானே. நீ போன மாசம் கூட ஒண்ணத் தலைகீழா ஒட்டின."

"தலைகீழா ஒட்டினா ஆள் மாறிடுமா? அடியே, எனக்கு நாலு வருஷமாச் சந்தேகம். பன்னெண்டு தடவ அந்தச் சூட்டுப் பெட்டிக்குள்ள கைய விட்டுட்டு நிக்கிறியே, எந்த லேப்லடி அப்படிச் சூடு பாப்பாங்க? தெர்மாமீட்டர் வெளியில இருந்தே தெரியும். அதுக்குத்தான் கண்ணாடிக் கதவு."

கிளெனிஸுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அப்ப நாலு வருஷமா ஏன் வாயைத் தொறக்கல?"

"தொறந்தேனே. புது ரத்தம் குடு, புது ரத்தம் குடுன்னு எத்தன தடவ கேட்டேன். நீதான் பழசக் கட்டிட்டு அழுத."

கிளெனிஸ் சட்டைக் கையைச் சுருட்டினாள். "மறுபடி எடு. இப்பவே. லேபிள நான் ஒட்டறேன்."

மறுபடி எடுத்தார்கள். லேபிளை அவளே எழுதி, அவளே ஒட்டி, குழாயைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தாள். ஸ்லைடு தயாராக மூன்றரை மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுக்க வேலை செய்தாள். ஜார்ஜ் டவுனில் ஒரு பெண்ணுக்கு லூபஸ் ஆன்டிபாடி இருப்பதைக் கண்டுபிடித்து, அவள் டாக்டரிடம் தெளிவாகப் பேசி வைத்தாள். சாப்பிடவில்லை. வெப்பப் பெட்டி பக்கமே போகவில்லை, விரல்கள் நீலமாகி, பிறகு சிவந்து, குத்திக் குத்தி வலித்தன.

உண்மையில் அவளுக்கு முன்பே தெரியுமா? தெரியும் என்றும் சொல்லலாம், தெரியாது என்றும் சொல்லலாம். முதல்முறை விரல் வெளுத்தது ஆற்றங்கரையில்தான். அன்று துண்டால் மூடிக்கொண்டாள். மற்றவர்களுக்கு அது எதன் அடையாளம் என்று வகுப்பு எடுக்கிறவள், தன் கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு "நல்ல குளிரு" என்றாள். அதற்குப் பிறகு நீந்தப் போகவில்லை. ஃப்ரீசரில் ஒரு கிளெனிஸ் முப்பத்திரண்டு வயதில் படு இருட்டாக, சுத்தமாக இருந்தாள். அவள் இருக்கும்வரை இவளுக்கு ஒன்றும் வராது என்று எப்படியோ நம்பியிருந்தாள். படித்த முட்டாள்தனம் என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

இரண்டு மணிக்கு ஸ்லைடு தயார். நோலீன் முதலில் பார்த்து, எழுதுவதுபோல் குனிந்து, காகிதத்தைக் கவிழ்த்து வைத்தாள். "நீ பாக்க வேண்டாம்டி. நான் வேற யாரையாச்சும் கூப்பிடறேன்."

"என் பெஞ்சு. நான்தான் பாப்பேன்."

கிளெனிஸ் கண்ணை வைத்தாள். பச்சைப் புள்ளிகள். எண்ணினாள், ஒரு செல்லில் நாற்பத்தெட்டு. பிளந்துகொண்டிருந்த செல் ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தாள். நடுவில் எறும்புகள் அழகாக நின்றன. பாடப் புத்தகத்தில் போடலாம், அத்தனை சுத்தமான படம். இவ்வளவு அழகாக இருக்கிறதே என்று முதலில் அவளுக்குப் பெருமை வந்தது, அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. "இருட்டு" என்று எழுதிவிட்டால் என்ன என்று ஒரு கணம் பேனா நின்றது. பிறகு "எறும்பு, 1280" என்று எழுதினாள்.

திருப்பினார்கள். நோலீனின் காகிதம் வெறுமையாக இருந்தது.

"என்னடி இது?"

"எழுத மனசு வரல," என்றாள் நோலீன். அவள் மூக்கு சிவந்திருந்தது.

"எழுதலன்னா தப்புன்னுதான் கணக்கு," என்றாள் கிளெனிஸ். "கேக் நீதான் வாங்கணும்."

நோலீன் கோட்டைப் போட்டுக்கொண்டு போய் வாங்கி வந்தாள்.

அடுத்தது போன். ஊழியர் ரத்தத்தில் ஏதாவது கண்டுபிடித்தால் அவருடைய சொந்த டாக்டருக்கு அன்றைக்கே, அந்தப் பிரிவின் மூத்தவர் பேசித் தகவல் சொல்ல வேண்டும். அந்தப் பிரிவின் மூத்தவள் கிளெனிஸ். "நான் பேசறேன், குடு," என்று நோலீன் கையை நீட்டினாள். கிளெனிஸ் போனைத் தராமல் தானே எண்ணை அழுத்தினாள்.

"லேப்ல இருந்து பேசறேன். டாக்டர் இம்ரியோட நோயாளி ஒருத்தரோட ரிசல்ட் சொல்லணும்."

"நோயாளி பேர் சொல்லுங்க," என்றாள் எதிர்முனையில் வரவேற்பில் இருந்தவள்.

"பைபஸ். கிளெனிஸ் மரீ."

"உங்க பேரு?"

"கிளெனிஸ் பைபஸ்."

"ரெண்டு பேரும் சொந்தமா?"

"ரொம்ப நெருங்கின சொந்தம். டாக்டருக்குக் குடும்மா."

டாக்டர் இம்ரி பதினைந்து வருடமாகக் கிளெனிஸுக்குச் சளி மருந்து எழுதித் தருகிறவர். சளியையும் தடுப்பூசியையும் தவிர வேறு எதற்கும் அவள் வந்ததில்லை என்பது அவருக்குத் தெரியும். கிளெனிஸ் மூச்சு விடாமல் ரிசல்ட்டை ஒப்பித்தாள். இந்த முறை நிஜப் பெயரையே சொன்னாள்: சென்ட்ரோமியர் ஆன்டிபாடி, அளவு இவ்வளவு, இரண்டு மாதிரியில் உறுதியானது. டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "நோயாளிக்கு விரல் வெளுக்குதா?" என்றார்.

"வெளுக்குது, டாக்டர். பதினோரு வருஷமா."

"யார்கிட்டயாச்சும் சொன்னாங்களா?"

"இல்ல. அது ஒரு பிடிவாதம் பிடிச்ச பொம்பளை."

"சாப்பாடு முழுங்கறப்ப நெஞ்சுல நிக்குதா?"

"அவ புருஷன் இறைச்சி சுடறான். அதச் சாப்பிட்டா யாருக்கும் நிக்கும், அதனால கணக்குல எடுத்துக்க முடியாது."

"மூச்சு வாங்குதா?"

"மேட்டுல ஏறினா. ஆனா இந்த ஊர்ல மேட்டுல ஏறினா எல்லாருக்கும் வாங்கும்."

"சரி." டாக்டரின் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "பயப்படறாங்களா?"

கிளெனிஸ் ஜன்னலைப் பார்த்தாள். கார் நிறுத்துமிடத்தில் டாரில் பழையபடி கையுறையை மாட்டிக்கொண்டு வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தான். "ஆமா, டாக்டர்," என்றாள். "ரொம்பப் பயப்படறா. வெளிய காட்டிக்க மாட்டா."

"அப்ப அவங்ககிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. நிறையப் பேர் இதோட முப்பது நாப்பது வருஷம் நல்லா வாழறாங்க. நுரையீரலையும் இதயத்தையும் பாக்கணும், வருஷா வருஷம் பாத்துக்கிட்டே இருக்கணும், விரலச் சூடா வச்சுக்கணும், மருந்தும் இருக்கு. கேட்டுக்குவாங்களா?"

"சந்தேகம்தான். நீங்களே சொல்லிப் பாருங்க."

"நாலு மணிக்கு அனுப்புங்க. தனியா வர வேண்டாம்னும் சொல்லுங்க."

"சொல்றேன், டாக்டர்."

போனை வைத்தாள். தகவல் சொன்ன நேரம், கேட்டவர் பெயர், தன் கையெழுத்து எல்லாவற்றையும் நோட்டில் கட்டம் தவறாமல் எழுதினாள். நோலீன் கேக் தட்டைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"நாலு மணிக்கு வரச் சொல்றாங்க. கூட யாரையாச்சும் கூட்டிட்டு வரணுமாம்."

"யாரை வரச் சொல்றாங்க?"

வழக்கமான குரலில் நோயாளியின் பெயரையும் பிறந்த தேதியையும் சொல்லத்தான் கிளெனிஸ் வாயைத் திறந்தாள். பேனாவை மேசை மேல் வைத்தாள், அது உருண்டு கீழே விழுந்தது, இரண்டு பேருமே குனிந்து எடுக்கவில்லை.

"என்னை," என்றாள்.